பொடி கேட்கும் கதவு

"எந்தப் பொடியும் எந்தக் குழந்தையையும் இதுவரை பேச வைத்ததில்லை, இனியும் வைக்காது" என்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார் பூவரசன். கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். ஆட்டிசம் உள்ள மகனுக்கு வேளை தவறாமல் சத்துப்பொடி கொடுக்கும் எதிர்வீட்டு மரகதத்திடம், "அத முருங்கைக்குப் போடுங்கக்கா, மரமாவது பேசும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை.

பூவரசனின் மகள் நிலானிக்கும் ஆட்டிசம்தான். நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. வெள்ளை இட்லி மட்டும் தின்பாள். மாவு கொஞ்சம் கூடுதலாகப் புளித்தாலும் முகர்ந்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

திங்கட்கிழமை முதல் அவள் போகும் பாலர் பள்ளியின் புதுக் கதவு பிள்ளைகளின் விரலைத் தொட்டுப் பார்த்தது. உடம்பில் அந்தச் சத்துப்பொடி இருந்தால் மட்டும் திறந்தது. நிலானிக்குத் திறக்கவில்லை. உள்ளே அவளுடைய ஊஞ்சலில் வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் நெற்றியால் கதவை முட்டினாள், மறுபடியும் முட்டினாள்.

"அக்கறையுள்ள பெற்றோருக்கு நான் எப்போதும் திறப்பேன்" என்றது கதவு, அன்பாக.

"இது வைத்தியமா, வழிப்பறியா? யாருய்யா இங்க பொறுப்பு?" என்று கத்தினார் பூவரசன். பொறுப்பில் கதவுதான் இருந்தது.

வீட்டில் மகளின் நெற்றி வீக்கத்துக்கு ஐஸ் வைத்தபடி மனைவி ஹேமா சொன்னாள்: "ஏங்க, இட்லில எதையும் கலந்துராதீங்க. அதையும் விட்டுட்டான்னா அப்புறம் எதக் குடுக்கறது?"

"நானா? கலப்பனா?"

மறுநாள் காலை ஹேமா குளிக்கப் போனதும் பூவரசன் எதிர்வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டினார். "அக்கா, ஒரு ஸ்பூன் கெடைக்குமா?"

மரகதம் ஒன்றும் கேட்காமல் டப்பாவையே கொடுத்தார். பூவரசன் பொடியை இட்லி மாவில் கலந்தார். முகர்ந்து பார்த்தார். வாசனை போகட்டும் என்று மறுபடி கலக்கினார்.