அகலச் சக்கரம்

ஜவ்வாது மலையேறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுக்குச் சற்றுக் கீழே பெல்வினின் பிக்கப் வண்டி நிற்கிறது. ரப்பர் கருகும் வாடை. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று போன வாரம் அவன் மாற்றிய அகலமான சக்கரங்கள் வெயிலில் மின்னுகின்றன. அடிவாரத்துச் சந்தவாசலில் ஆட்களும் மூட்டைகளும் ஏறி வண்டி அமுங்கியதிலிருந்து பின் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசிக்கொண்டே வந்திருக்கிறது. குனிந்து டயரைத் தொடுகிறான், சுடுகிறது. விரலில் ஒட்டிய கறுப்புத் தூளை யாரும் பார்க்குமுன் கால்சட்டையில் துடைக்கிறான். வண்டியின் பின்தட்டில் மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் காந்தா எட்டிப் பார்க்கிறாள். "இன்னா தம்பி, வெயிட்டு தாங்கலியா?" "ஆமாக்கா" என்றுவிடுகிறான். அவன் வாய் மூடுவதற்குள் அவள் இறங்குகிறாள். பின்னாலேயே மற்ற பெண்களும். காந்தா தன் தவிட்டு மூட்டையை இழுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள். "எங்களால உன் வண்டி பாழாவ வேணாம். மேல போய் நில்லு, நடந்து வர்றோம்." "மூட்டையாவது இருக்கட்டுங்க்கா." "அதான கனமே!" சுமை குறைந்த வண்டி எழும்பி நிற்கிறது. மெதுவாக ஓட்டிப்போகிறான்; வளைவில் உரசலே இல்லை. பக்கக் கண்ணாடியில், மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி மூச்சிரைக்க ஏறி வரும் காந்தா மறு கையை ஆட்டிச் சந்தோஷமாகக் கத்துகிறாள்: "பாத்தியா தம்பி, இப்ப சத்தமே இல்ல!"