பன்னிரண்டாவது ஆள்

டார்ம்ஸ்டாட்டின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தேவைப்பட்டான். பயிற்சியாளரின் வியூகத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்று கடைசியாகத் தடுப்பவன். போன மாசியில் விபத்தில் இறந்த கிருஷாந்தின் இடம் அது. அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுப்பவள் அவன் அக்கா பிரபாலினி; அந்த இடத்துக்கு ஆள் தேடும் வேலையும் அவளிடமே வந்தது.

அங்கிருந்து யாரையாவது எடுக்கலாமென்று, வீட்டில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டமொன்றின் வீடியோவைப் போட்டுத் தடுப்பவர்களை எண்ணினாள். பதினொரு பேர் நிற்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நடுவர் விசில் ஊதவில்லை.

தேநீர் கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, தம்பி ஏன் தனிய நிக்கிறான்?"

"உங்களுக்கும் தெரியுதோ அம்மா?"

"ஓம். நல்லா மெலிஞ்சுபோனான்."

பந்து கிளம்பியதும் பதினொரு பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். அவன் மட்டும் இவர்கள் பக்கம் திரும்பினான். பிரபாலினி வீடியோவை நிறுத்தினாள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அவனுடைய தலைக்கவசக் கம்பிகளுக்குள்ளிருந்து மூச்சு வெண்புகையாக வந்துகொண்டேயிருந்தது.