நல்ல ம்ம், கெட்ட ம்ம்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு "ம்ம்" என்று சொல்லவே கூடாது. சொல்லித் தொலைத்துவிட்டேன். "நல்ல ம்ம்மா டாக்டர், கெட்ட ம்ம்மா?" என்கிறார் தையற்கார அம்மா. அவர் மடியில் காய்ச்சலோடு சுருண்டிருக்கிறது நாய்க்குட்டி. அதன் தாயை ரத்த ஒட்டுண்ணி கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமேற்றிய குட்டியின் ரத்தத்தில், சிவப்பணுக்களின்மேல் ஊதாப் புள்ளிகள். சாயத்தில் ஒட்டுண்ணிக்கும் இதே நிறம்தான். கழுத்துமணி ஒவ்வொரு மூச்சுக்கும் சிணுங்குகிறது. எனக்குத் தொந்தரவாம், அதை விரலால் பொத்திக்கொள்கிறார். நுண்ணோக்கியின் குமிழை மயிரிழை திருப்புகிறேன். அணுக்கள் மங்க, புள்ளிகள் மட்டும் பளிச்சென்று நிற்கின்றன. அணுவுக்குள் இல்லை, மேலே கிடக்கின்றன. நான் வடிகட்டச் சோம்பல்பட்ட சாயத்தின் கசடு.

"இது பூச்சி இல்லம்மா, வெறும் அழுக்கு."

"தினமும் குளிப்பாட்டுறேனே டாக்டர்!"

"அழுக்கு குட்டிமேல இல்ல, என்மேல."

சிரித்துவிடுகிறார். விரல் விலக, மணி முன்னைவிட வேகமாகச் சிணுங்குகிறது. சிரிப்பு பாதியில் நிற்கிறது. "அப்போ காய்ச்சல் எதனால?"

வடிகட்டிய சாயத்தில், ரத்தம் தேய்த்த இன்னொரு கண்ணாடித் துண்டை நனைத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி குனிகிறேன். இம்முறை உதட்டை இறுகக் கடித்திருக்கிறேன்.

"என்ன டாக்டர்," மணியை மறுபடி பொத்திக்கொள்கிறார், "ஒரு ம்ம்கூட சொல்ல மாட்டேங்கிறீங்க?"