பச்சை பெயின்ட் அடித்த மெஷின்

"இந்தத் தடவை யாரைச் சாகடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அம்மாவை" என்றான் குண்டூசி, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போன மாசம்தானே அந்த மூக்குக் கண்ணாடிக்காக அவங்களைக் கொன்னீங்க?"

"அதை வாங்கினது வேற ஆளு. இதை வாங்கப் போறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

அவன் பிழைப்பு அப்படி. பழைய சாமான் கடைகளுக்குள் புகுந்து, குப்பையோடு குப்பையாகக் கிடப்பதில் உருப்படியானதைப் பொறுக்கி வருவான். துடைத்து, படம் எடுத்து, இணைய ஏலத்தில் போடுவான். நாலு பேர் போட்டி போட வேண்டுமென்றால் பொருள் மட்டும் போதாது, கண்ணீரும் வேண்டும் என்பது அவன் கண்ட ரகசியம். ஒரு டார்ச் லைட்டுக்காக, பிறக்காத மாமாவை லாரியில் அடிபட வைத்தவன் அவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை நன்றாகவே பிழைத்தது, சொந்தக்காரர்கள்தான் பாவம்.

இன்றைய சரக்கு, கையால் சுற்றும் தையல் மெஷின். அடிப்பலகைக்குப் பச்சை பெயின்ட் அப்பியிருந்தது. விலை போகாத மரச்சாமான் எதுவானாலும் பச்சை அடித்துவிடுவது அந்தக் கடைக்காரரின் வழக்கம். நாற்காலியும் பச்சை, தொட்டிலும் பச்சை.

குண்டூசி எழுதியதை வாய்விட்டுப் படித்தான். "அம்மா காலமாகிவிட்டார். இந்த மெஷினில் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். சின்ன வயதில் பலகைக்கு அடியில் கத்தரிக்கோலால் என் பெயரைக் கீறி, அவரிடம் அடி வாங்கினேன். இன்று வயிற்றுப்பாட்டுக்காக இதை விற்கிறேன்."

"கீறினது, அடி வாங்கினது எல்லாம் நிஜமா?"

"நிஜம்தான். முதுகுல ஸ்கேலாலயே வச்சாங்க."

"அது உங்கம்மா மெஷின்ல. இதுல பேரு எங்கே இருக்கு?"

"வாங்குறவன் கவுத்துப் போட்டா பார்க்கப் போறான்?"

அவள் மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். "உங்கம்மாகிட்ட இருக்கறதும் இதே மாதிரிதானே? இப்ப அவங்க எங்கே தைக்கப் போறாங்க. போய்க் கேட்டிருக்கலாம். அந்தச் சாக்குல பார்த்துட்டாவது வந்திருக்கலாம்."

"அண்ணன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன் நான்."

"சண்டை அண்ணனோட. அவங்க என்ன பண்ணினாங்க?"

"வீட்டை அவன் பேருக்கு எழுதி வச்சாங்களே, போதாதா? மெஷினைக் கேக்கச் சொல்றியே, அதுவும் நடக்காது. உசுரு இருக்கிற வரைக்கும் அதை விட மாட்டாங்க. எனக்குச் சோறு போட மறந்தாலும் அதுக்கு எண்ணெய் போட மறந்ததில்லை."

அண்ணன் வீடு ஒரே பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம்தான். ஆனால் அண்ணன் நம்பரிலிருந்து அழைப்பே வராதபடி சண்டை போட்ட அன்றைக்கே செல்போனில் தடுத்து வைத்துவிட்டான். ரோஷம் என்று வந்துவிட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை.

மெஷின் நல்ல விலைக்குப் போனது. புதுச் சட்டை எடுத்துக்கொண்டான்.

மெஷின் போய்ச் சேர்ந்த கையோடு செய்தி வந்தது. வாங்கியது ஒரு தையல் டீச்சர். "பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை. இறந்தவர்கள் பெயரைச் சொல்லியா ஏமாற்றுவது? புகார் கொடுக்கப் போகிறேன்."

குண்டூசி மேல் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவதும் விழுந்தால் அவன் ஏலக் கணக்கையே மூடிவிடுவார்கள். வேறு தொழில் தெரியாது.

"பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் மனைவி.

"இரு, இரு." விறுவிறுவென்று பதில் எழுதினான். "மன்னிக்கணும் டீச்சர். பிற்பாடு பெயின்ட் அடித்துவிட்டோம். என் பெயர் அதற்கு அடியில் இருக்கிறது. சுரண்டிப் பாருங்கள்."

"சுரண்டினா ஒண்ணும் இருக்காதே?"

"பெயின்ட்டோட சேர்த்துப் பேரையும் நீங்களே சுரண்டிட்டீங்க, எங்கம்மா ஞாபகமே போச்சுன்னு ஒரு பாட்டம் அழுவேன். அந்தம்மாவே மன்னிப்புக் கேப்பாங்க பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் மட்டும் செல்போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் பதில் வந்தது. பயத்தில் அவன் திறக்கவில்லை. மனைவிதான் பிடுங்கிப் படித்தாள்.

"தம்பி, உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சுரண்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். புகார் கொடுக்க மாட்டேன். படம் அனுப்பியிருக்கிறேன், அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள்."

"பொழைச்சோம்" என்று துள்ளி எழுந்தான் அவன். "யாரு பேரோ இருந்திருக்கு. நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு!"

மனைவி படத்தைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. செல்போனை அவனிடம் நீட்டினாள்.

உரிந்த பச்சைக்கு நடுவே, கத்தரிக்கோலால் கீறிய கோணல்மாணல் எழுத்துகள்: குண்டூசி.

"உசுரு இருக்கிற வரைக்கும் விட மாட்டாங்கன்னு..." என்று ஆரம்பித்த மனைவி, பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஏலக் குறிப்பில் அவன் ஒரு வரிகூடப் பொய் எழுதியிருக்கவில்லை.