விலை இறங்கிய கூலர்

கொல்லைப் பக்கம் கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம். எதுவோ எலும்பைக் கடிப்பது போல.

தேவயானி தொட்டிலில் கிடந்த குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். மணி எட்டுதான். ஆனால் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இரண்டும் காலி. கணவன் அருண்பிரசாத்துக்கு செகண்ட் ஷிப்ட். வீடு வந்து சேரப் பத்தரை ஆகும்.

"யாரு?" என்று உள்ளிருந்தபடியே கேட்டாள்.

"நான்தாங்க, பரமசிவம்! கனகம் வூட்டுக்காரன். பயந்துக்காதீங்க!"

அதற்குள் முன்வாசலில் கனகத்தின் சிரிப்பு. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து தினமும் காலையில் வீட்டு வேலைக்கு வருகிறவள்.

"கொல்லைக் கதவு தாப்பா ஆடிக்கினு இருக்கு, ராத்திரியில தூக்கமே வரலன்னு சொன்னீங்களேக்கா. இவரு காதுல போட்டேன். துருப்பிடிச்சதை அறுத்துட்டுப் புதுசு மாட்டிடறேன்னு கெளம்பிட்டாரு. நான் கதவைத் தட்டறதுக்குள்ள பின்னால போயி, கதவு இடுக்குல பிளேடை வுட்டு அறுக்க ஆரம்பிச்சாச்சு."

"நல்லா பயமுறுத்தினீங்க போ! எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு கனகம்."

"எங்கூட்டு ஆளு மட்டும் என்னவாம்? ஊருக்கெல்லாம் தாப்பா போடும். சொந்த வூட்ல ஒரு ஆணி அடிக்காது."

"காதுல வுழுவுதுடி!" என்றது கொல்லைப்புறம்.

ஃபோன் அடித்தது. தேவயானி எண்ணைப் பார்த்தாள்.

"கனகம், கூலர் கம்பெனி! குழந்தையைப் பிடி. இன்னைக்கு ஒரு கை பார்த்துடறேன்."

கூலர் கனகத்துடையது. பரமசிவத்துக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, பகலெல்லாம் ஷீட் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்தார். சீட்டுப் பணத்தை எடுத்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தேவயானி கையில் கொடுத்து, "ஆன்லைன்ல நீங்களே போட்டுக் குடுத்துடுங்கக்கா" என்றிருந்தாள் கனகம். ஆர்டர் தேவயானியின் பெயரில். கூலர் வந்து நான்கே நாளில் தள்ளுபடி விற்பனை. அதே கூலர் ஐயாயிரம்.

கான்வென்ட்டில் படித்த ஆங்கிலம் தேவயானிக்குத் தங்குதடையில்லாமல் வந்தது.

திருப்பி அனுப்ப எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதை அனுப்பிவிட்டு இன்றைய விலைக்கே இன்னொன்று வாங்கிக்கொள்வேன். ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் செலவு. அதற்குப் பதில் வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள். இது ராத்திரியெல்லாம் உழைக்கிற ஒரு தொழிலாளியின் காசு. அவர் வயிற்றில் அடித்துத்தான் நீங்கள் சம்பாதிக்க வேண்டுமா?

கனகம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவருகே போனாள்.

"என்னா வேகம் பாரேன்! எதிர்ல இருக்கறவன் மூச்சு வுடல."

"நீ எங்கிட்ட பேசறதும் இப்படித்தான் இருக்கும். பாஷைதான் வேற."

"ரெண்டு நாள் சம்பளத்துக்கு மேலய்யா அது. வந்தா நம்ம பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்கிடலாம்."

"வரட்டும். மொதல்ல டார்ச்சை நேரா பிடி."

எதிர்முனையில் யாரோ மேலதிகாரி வந்திருக்க வேண்டும். தேவயானி பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை வைத்தாள்.

"என்னாக்கா சொன்னாங்க?"

தேவயானி உதட்டைப் பிதுக்கினாள்.

"வாங்கின அன்னைக்கு என்ன விலையோ அதுதானாம். என்னால ஆனவரைக்கும் பேசிட்டேன் கனகம்."

கனகத்தின் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சிரித்துக்கொண்டாள்.

"போவுது வுடுங்க. எங்களுக்காவ இவ்ளோ நேரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினீங்களே. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா. ஷூ அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

பரமசிவம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முடிஞ்சுதும்மா. நாலு பேரு சேந்து தள்ளினாலும் அசையாது. நான் நைட்டுக்குக் கெளம்பணும்."

"தாழ்ப்பாளுக்கு எவ்வளவு ஆச்சுண்ணா?"

"நீங்க வேறம்மா! உங்ககிட்டப் போயி காசா? கொழந்தையை வெச்சுக்கினு தனியா கெடக்கீங்க. நிம்மதியா தூங்குங்க."

கனகம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அதன் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். இருவரும் கொல்லை வழியாகவே வெளியேறினார்கள். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது.

ஷிப்ட்டின் டீ இடைவேளையில் அருண்பிரசாத் ஃபோனில் கூப்பிட்டான்.

"என்ன தேவி, பயமில்லாம இருக்கியா? அந்தக் கூலர்காரன் பேசினானா?"

"பேசினான். விடுவேனா நான்? ஆயிரத்து ஐந்நூறும் நம்ம அக்கவுன்ட்டுக்கே வந்துடுது."

"பரவாயில்லையே! கனகம் சந்தோஷப்பட்டிருக்குமே?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? பேசினது நான்தானே? வாசலுக்கு ஒரு கேமரா பார்த்து வெச்சிருந்தோமே, அதை இப்பவே ஆர்டர் போட்டுடறேங்க. காலம் கெட்டுக் கிடக்கு, யாரை நம்ப முடியுது?" என்றபடி, பரமசிவம் மாட்டிய புதுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து இறுக்கிப் போட்டாள் தேவயானி.