பின் சக்கரத்துக் கம்பி

“எங்க கீற? தேர் கிளம்பப் போவுது, சீக்கிரம் வாயேன்.”

“வந்துக்கினே கீறேன்டி, கத்தாத. காலையில முலாம் தொட்டியில போட்ட போக்ஸ் கம்பிய, மதியத்துக்குள்ள அப்பா ரெண்டு சக்கரத்துலயும் கட்டிக் குடுத்துட்டாரு. கண்ணாடியாட்டம் மின்னுது. நீ அதுல பாத்தே பவுடர் போட்டுக்கலாம்.”

எட்வர்ட் தன் மனைவி ஜெபாவிடம் போனில் கடைசியாகப் பேசியது இதுதான். ஆரம்பாக்கம் வருமுன்னே நெடுஞ்சாலையில் அந்தப் பழைய புல்லட்டின் முன் சக்கரம் மடிந்துவிட்டது.

ஜெபா அழுகையில் உளறியதில் ‘சீக்கிரம் வா’வை மட்டும் வீடு பிடித்துக்கொண்டது.

“போன் போட்டே எம்புள்ளைய முழுங்கிட்டா!” என்று மாமியார் மாதா கோயில் வாசலில் மார்பில் அடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

மாமனார் பாக்கியநாதன் மட்டும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டியில் பழைய வண்டிச் சக்கரங்களுக்கு முலாம் போடும் தன் பட்டறையிலேயே வேலை கொடுத்தார். தூசு படாத மூலையில் உட்கார வைத்தார். வடை வாங்கினால் பெரியது அவளுக்குத்தான்.

மாமனார் என்றால் இவரல்லவா என்றது ஊர்.

இன்று அந்தப் புல்லட்டை விலைக்குக் கேட்டு ஆள் வந்துபோனார். பாக்கியநாதன் பின் சக்கரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

“கம்பியெல்லாம் பிரிச்சு வெச்சுடும்மா. புதுசா பிளேட்டிங் போட்டுக்கலாம்.”

ஜெபா பிரித்தாள். அங்கங்கே துரு, மற்றபடி இன்னும் மின்னின.

ஒன்றை எடுத்து வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கினாள்.

முலாம் போட்ட கம்பி நேரே சக்கரத்துக்குப் போகக் கூடாது. தொட்டியில் ஊறியது உள்ளுக்குள் நொறுங்கலாகிவிடும். ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டில் கிடந்தால்தான் பலம் திரும்பும். மறுநாள் அதில் ஒன்றை வைஸில் பிடித்து வளைத்துப் பார்ப்பார்கள். வளைந்தால் சரி. முறிந்தால் அத்தனையும் குப்பைக்கு.

வேலைக்கு வந்த முதல் வாரமே இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாக்கியநாதன். அப்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெபா கம்பியை வளைத்தாள்.

முருங்கைக் கிளை போலப் பட்டென்று முறிந்தது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியநாதன் திரும்பினார். என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

அவள் இரண்டாவது கம்பியை மாட்டினாள். அதுவும் முறிந்தது.

“போதும்மா” என்றார்.

காலையில் தொட்டி, மதியமே சக்கரம்; அடுப்பேறாத கம்பி என்று அந்த முதல் வாரத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். அவராகச் சொல்லிவிடுவார் என்றுதான், அவர் தள்ளிய பெரிய வடையை எல்லாம் தின்றுகொண்டு காத்திருந்தாள்.

எழுந்து போய், முறிந்த துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்களே சொல்லிடுங்க மாமா. இன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் அத்தையாண்ட சொல்லிடுங்க... நான் போன் போட்டு அவரு சாவலன்னு.”