ஒரு மாலுமிக்கு ஒரு கப்பல்

"இதுல ஒரு முடிச்சுப் போடு, பார்க்கலாம்."

கடற்படை லெப்டினென்ட் நீட்டிய கயிற்றை ஜெத்ரோ குனிந்துகூடப் பார்க்காமல் முடிந்து கொடுத்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கப்பல்கார அம்மாள் திருமதி ஸ்கெல்டர் முகத்தில் சிரிப்பு வந்தது.

பிரான்சோடு சண்டை. போருக்கு ஆள் தராத எந்தச் சரக்குக் கப்பலும் எங்கள் யார்க்ஷயர் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது என்று அரசு உத்தரவு. அந்த அம்மாளின் 'பேஷன்ஸ்' கப்பலுக்கு விதித்தது இரண்டு பேர். கடல் தெரிந்தவன் என்றால் ஒருவனே போதும். ஸ்காட்லாந்து போகவேண்டிய வாற்கோதுமை கப்பலுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்திருந்தது.

தன் கப்பலில் எட்டு மாலுமிகள் என்பது அவளுக்குத் தெரியும். பெயரெல்லாம் தெரியாது.

மீன் பிடிக்கிற ஜெத்ரோவைத் தேடிப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், மகள் டோர்கஸ். கொல்லைக் கதவருகே இவன் அவளிடம் கடிதம் கொடுத்ததை அம்மாக்காரி இரண்டு முறை பார்த்துவிட்டாள்.

"அவளுக்கு வயசு பத்தொன்பது. நான் சரின்னு சொல்லாம இங்கிலாந்துல எந்தப் பாதிரியும் கல்யாணம் பண்ணிவைக்க மாட்டார். ஸ்காட்லாந்துலதான் பெத்தவங்க சம்மதம் கேக்க மாட்டாங்க; அங்க இழுத்துட்டு ஓடலாம்னா, உங்கிட்ட ஒரு கழுதைகூடக் கிடையாது. பேசாம போர்க்கப்பல்ல ஏறு."

"ஏறுறேம்மா. ஆனா உங்க கப்பல் ஆளுங்க ஒருத்தரையும் இவங்க தொடக்கூடாது. எழுதித் தரச் சொல்லுங்க."

"உனக்கென்னடா அவங்க மேல அவ்வளவு அக்கறை?"

"தெரிஞ்ச பசங்கம்மா."

லெப்டினென்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வழியனுப்ப டோர்கஸ் வந்தாள். ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை ஜெத்ரோ கையில் திணித்தாள். அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பெரியம்மா வீட்டுக்கு முட்டை கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள். முட்டைக்கு அந்தக் கூடை கொஞ்சம் பெரிசுதான்.

மத்தியானம் 'பேஷன்ஸ்' பாய் விரித்துத் துறைமுக வாயைத் தாண்டியது. சரக்கும் தப்பித்தது, காதலனும் தொலைந்தான். திருமதி ஸ்கெல்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடற்படைப் படகில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து இரக்கம்கூட வந்தது.

"வருத்தப்படாதே ஜெத்ரோ. அவளை மறந்துடு."

"நான் எதுக்கும்மா மறக்கணும்? கடுதாசியைக் கொண்டுவந்து கொடுத்ததுதான் நான். எழுதினது என் தம்பி சைலஸ்."

"எந்த சைலஸ்?"

"உங்க கப்பல்ல பாய் கட்டுறவன். நான் வரலைன்னா இவங்க அவனைத்தானே பிடிச்சிருப்பாங்க?"

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். கப்பல் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது.

"திரும்பி வரட்டும் அந்தப் பயல்! அதுக்குள்ள டோர்கஸை என் அக்கா வீட்டுலயே பூட்டி வைக்கிறேன்."

படகு கரையை விட்டு நகர்ந்தது. ஜெத்ரோ காலுறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அவளும் அந்தக் கப்பல்லதாம்மா போறா."